அம்மாவன் சம்மதம்

"வீடு உம்முடையதுதானா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் பிச்சையா பிள்ளை.

"என்டெ வீடுதான் சாரே," என்றார் தங்கப்பன் நாயர். "ஸ்தலம் நான் வாங்கியது. ஓடு நான் போட்டது. கிணறு வெட்டும்போ மேலே நின்னு பயந்ததும் நானாக்கும்."

"அதெல்லாம் இருக்கட்டும். அம்மாவன் எங்க?"

"யாரு?"

"அம்மாவன் வே! உம்ம தாய்மாமன். குடும்பத்துப் பெரியவரு. காரணவர்."

தங்கப்பன் நாயர் தோளில் கிடந்த நேரியதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல சரிகைக் கரை போட்ட மேல்துண்டு அது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மைக்கறை. கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டில் மை படாத துணி கிடைப்பது கஷ்டம்.

"எனிக்கு அம்மாவன் இல்ல சாரே. என் அம்மை ஒத்தை மோளாக்கும். கூடப்பிறந்தது யாரும் இல்ல."

பிச்சையா பிள்ளை புன்னகை செய்தார். சேரன்மாதேவி தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த முப்பது வருஷமும், 'எனக்கு நிலமே இல்லை எசமான்' என்று வந்து நின்ற மிராசுதார்களைப் பார்த்து அவர் செய்த அதே புன்னகை.

"காரணவரைக் கூட்டிக்கிட்டு வாரும். அப்புறம் பேசுவோம்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

வஞ்சியூரில் அப்படி ஒரு வீடு கிடைப்பது அதிர்ஷ்டம். காற்றுக்கும் குறைவில்லை, கிணற்றுத் தண்ணீருக்கும் குறைவில்லை, பின்னால் ஒரு பலாமரம் வேறு. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு, ஹைகோர்ட்டு எர்ணாகுளத்துக்கு என்று பாகம் பிரித்ததில் தங்கப்பன் நாயர் எர்ணாகுளத்துப் பாகத்தில் விழுந்துவிட்டார். ஆவணி பிறந்ததும் அவர் பெட்டி படுக்கையோடு அங்கே போய் நிற்க வேண்டும். விற்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்கு ஆசை. ஒரே பேச்சில் விலை படிந்துவிட்டது. அதுதான் பிச்சையா பிள்ளைக்கு இடித்தது. நல்ல சொத்து இவ்வளவு சுலபமாக யாருக்காவது கிடைக்குமா?

தவிர, அவர் ஒன்றும் தெரியாமல் வந்தவர் இல்லை. மகள் மங்கலத்தைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கும் சிவதாணுவுக்குக் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்றதும் மகள் இருக்கும் ஊரிலேயே இருந்துவிடலாம் என்று சேரன்மாதேவி வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, அக்காள் புருஷன் கோமதிநாயகம் பிள்ளை திருநெல்வேலி மேலரதவீதியிலிருந்து வந்து வழியனுப்பினார்.

"மச்சான், வேற ராஜ்யத்துல வீடு வாங்கப் போறீரு. எங்க பக்கத்து வீட்டுக் காந்திமதிநாதன் கதை நெனப்பிருக்குல்லா?"

நினைப்பில்லாமலா? திருநெல்வேலிச் சீமையில் 'வீடு போன காந்திமதிநாதன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மனுஷன் இருந்த வீட்டை விற்றுவிட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு நாயரிடம் வீடு வாங்கினார். பால் காய்ச்சும் நாள். பானையில் பால் பொங்கி வரும் சமயத்தில், எங்கோ கிராமத்திலிருந்து அந்த நாயருடைய அம்மாவன் குடையும் கையுமாக வந்து, "விற்க இவன் யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மலையாள நாட்டில் அப்போது மருமக்கத்தாயம். சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். மூத்த மாமன் தலையசைக்காமல் ஒரு தென்னமட்டைகூட விலை போகாது. காந்திமதிநாதன் பால் பானையோடு தெருவில் நின்றார். கோர்ட்டும் கைவிரித்துவிட்டது. மானம் போய்விட்டதென்று மனுஷன் ஊருக்குத் திரும்பவே இல்லை. சன்னியாசியாகப் போனார் என்றார்கள் சிலர். கொழும்புக்குக் கப்பலேறினார் என்றார்கள் சிலர்.

இது நடந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பிச்சையா பிள்ளை அந்தக் காந்திமதிநாதனைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. இருந்தாலும் கதையைச் சொல்லும்போது, பால் பொங்கியபோது அடுப்புக்கு அந்தப் பக்கம் தானே நின்றதுபோல்தான் சொல்வார்.

"மாமா, அதொண்ணும் இப்ப கெடையாது, கேட்டியளா," என்றார் மாப்பிள்ளை சிவதாணு, அன்று சாயங்காலம். "எங்க நாஞ்சில் நாட்டுலயே மருமக்கத்தாயம் போயி எத்தனையோ வருசமாச்சு. நாயருமாருக்கும் சட்டம் வந்து எல்லாரும் பாகம் பிரிஞ்சாச்சு. அதும் போக, இது அந்த ஆளு சம்பளத்துல கெட்டின வீடாக்கும். கேக்க ஒரு ஆளு வரமாட்டான்."

"மாப்ளை, நீங்க அரிசி பாக்கிய. நான் முப்பது வருசம் பட்டா பாத்தவன்."

சிவதாணு அரிசி பார்க்கப் போனார். மாமனார் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பிச்சையா பிள்ளைக்கும் அவசரம் இல்லாமல் இல்லை. சம்பந்தி வீட்டில் இரண்டு வேளைக்கு மேல் கை நனைக்காத வம்சம் என்று பெருமை பேசியவர், இப்போது மாப்பிள்ளை வீட்டு மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், புறப்படும் முன்பே அவர் அழைப்பிதழ் அச்சடித்துவிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்தில், திருவனந்தபுரம் 'சிவகாமி விலாச'த்தில் பால் காய்ச்சு. மனைவி சிவகாமியம்மாள் பெயரில் வீட்டுப் பெயர்ப்பலகைகூடத் தேக்கில் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். அது சிவதாணுவின் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பலகை இருந்தது, பெயர் இருந்தது, வீடுதான் பாக்கி. அதற்குள் கோமதிநாயகம் பிள்ளை திருநெல்வேலியில் பஸ் பேசிவிட்டதாகக் கடிதம் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தங்கப்பன் நாயர் கடை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு அலுப்பு.

"அம்மாவன் வந்நிருக்கு," என்றார்.

பிச்சையா பிள்ளை மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத்துப் பட்டாவும் இருந்தது.

வஞ்சியூர் வீட்டு முன்கூடத்தில் அம்மாவன் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நெடிய கிழவர். நெற்றியில் சந்தனம். மடியில் குடை. தோளில் சரிகைக் கரை நேரியது. மூலையில் உள்ளங்கை அகல மைக்கறை.

"பாத்தியளா மாப்ளை?" என்று காதோடு சொன்னார் பிச்சையா பிள்ளை. "மருமகன் போட்டதை மாமன் போட்டுக்கிடுதாரு. துணிமணிகூடப் பொதுச் சொத்து. இவங்க பாகம் பிரிச்சாச்சாம்!"

"ஆற்றிங்கல் கேசவன் நாயர். என்டெ… அம்மாவன்," என்று அறிமுகம் செய்தார் தங்கப்பன் நாயர்.

பிச்சையா பிள்ளைக்கு மலையாளம் தெரியும். தமிழில் சொல்லி வால் பகுதியில் 'ஆணு' சேர்த்தால் மலையாளம் என்பது அவர் கண்டுபிடிப்பு.

"நமஸ்காரம் ஆணு. வீடு வாங்க வந்தது ஆணு. தங்களுக்குச் சம்மதம் ஆணோ?"

கிழவர் அவரை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது.

"ம்," என்றார்.

தங்கப்பன் நாயர் நிம்மதியாக மூச்சு விட்டார். விட்ட மூச்சை அவர் திரும்ப இழுப்பதற்குள் கிழவர் தொடர்ந்தார்.

"ஆலோசிக்கட்டே."

"அம்மாவா! ஆலோசிக்க இதில் எந்து இருக்கு?" என்றார் தங்கப்பன் நாயர்.

"தறவாட்டுக் காரியம். குடும்பக் காரியத்தில் மருமக்கள் நாவு அடக்கணும்," என்றார் கிழவர், குடையால் தரையைத் தட்டி.

தங்கப்பன் நாயரின் கண்கள் பிதுங்கின. பிச்சையா பிள்ளைக்கு நெஞ்சு குளிர்ந்தது. குரல் என்ன, தோரணை என்ன! இவரைக் கேட்காமல் கையெழுத்து வாங்கியிருந்தால், பால் பானையோடு இந்தத் தெருவில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

பெரியவர்களை வெறும் பேச்சில் சம்மதிக்க வைக்க முடியாது. இலை போட வேண்டும். தாலுகா ஆபீஸ் சாஸ்திரப்படி மறுநாளே அம்மாவனைச் சாப்பிட அழைத்தார்.

"சொதி வையி," என்றார் மனைவியிடம்.

"சொதியா? இங்க யாரு வீட்டுல மறுவீடு?" என்றாள் சிவகாமியம்மாள். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வைக்கிற குழம்பை ஆடி மாதத்தில், அதுவும் ரேஷன் காலத்தில், வைக்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? இருந்தாலும் வைத்தாள். சிவதாணு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரவழைத்து ஒளித்து வைத்திருந்த நல்ல அரிசி சோறாயிற்று. தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் மிதந்தன.

கிழவர் இலை முன் உட்கார்ந்தார். சோற்றில் சொதியை ஊற்றினார்கள். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே உறைந்துபோனார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மூக்கோரம் நின்றது.

"காரம் கூடுதல் ஆணோ?" என்றார் பிச்சையா பிள்ளை பதறிப்போய்.

கிழவர் தலையை ஆட்டினார். பிறகு இலையின் இடது மூலையில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"இஞ்சி…?" என்றார் மெதுவாக.

இஞ்சிப் பச்சடிக் கிண்ணத்தோடு அப்போதுதான் வாசற்படி தாண்டிய சிவகாமியம்மாள் ஒரு கணம் நின்றாள்.

சாப்பாடு முடிந்து, வெற்றிலையும் முடிந்து, பிச்சையா பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "சம்மதம் ஆணோ?"

"ஆலோசிக்கட்டே," என்றார் கிழவர் ஏப்பத்தோடு. "மறுநாள் வரட்டே. உச்சைக்கு."

உச்சை என்றால் நடுப்பகல். அது சாப்பாட்டு வேளை.

"ஏங்க," என்றாள் சிவகாமியம்மாள் அடுக்களையில். "சொதிக்கு இஞ்சிப் பச்சடி உண்டும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"மலையாளத்தான் எல்லாத்துக்கும் இஞ்சி கேப்பான்டி. ஓணத்துக்கு இஞ்சிக்கறி இல்லாம எலை போடமாட்டான். ஊர் வழக்கம் தெரியாமப் பேசாத."

மறுநாள் புளியோதரை. அதற்கு மறுநாள் மறுபடியும் சொதி. பிச்சையா பிள்ளை மரியாதை போதவில்லையோ என்று நினைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு சரக்குக் கணக்கப்பிள்ளை மூலம் அல்வா வரவழைத்தார். கிழவர் அல்வாவை இலையில் வாங்காமல் உள்ளங்கையில் வாங்கி, ஆறிப்போன அதற்கும் கொஞ்சநேரம் சூடு பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன.

"வாங்கும் ஆளோட நாடும் வீடும் அறியணும்," என்றார். "கடன் உண்டோ? பசு உண்டோ? பாசகம் எப்பவும் இவங்கதானோ?" பாசகம் என்றால் சமையல். எப்பவும் இவள்தான் என்று பிச்சையா பிள்ளை உறுதி கொடுத்தார். "உங்க பாகத்தில் மழை உண்டோ? ஆனித் தேர் நேரத்தே நிலைக்கு எத்தியோ?"

"எங்க தேர் வரைக்கும் விசாரிச்சுட்டாரு மாப்ளை!" என்று அன்று ராத்திரி பூரித்தார் பிச்சையா பிள்ளை. "ஒரு கலெக்டர்கூட இவ்வளவு தூரம் விசாரிக்கமாட்டான். இவ்வளவு விசாரிக்கிற மனுசன் கைவிடுவாரா?"

"அரிசி தீரப் போகுது மாமா," என்றார் சிவதாணு.

ஆடி பாதி போய்விட்டது. இப்போது கிழவர் தலையைக் காணோம் என்று சொல்ல ஒரு நாள்கூட இல்லை. 'மறுநாள் வரட்டே' என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். அது தானாகவே நடந்தது.

ஒரு நாள் பெயர்ப்பலகைக்கு இடம் அளந்து வரலாமென்று பிச்சையா பிள்ளை வஞ்சியூருக்குப் போனார். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் சத்தம். எட்டிப் பார்த்தார். தங்கப்பன் நாயர் அம்மாவனுடைய மூக்குக்கு நேரே விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தலையாட்டல்! அதல்லே பறஞ்சது? ஒரே ஒரு தலையாட்டல்! எத்தனை திவசமாச்சு?"

"தறவாட்டுக்கு ஒரு மானம் இருக்கு," என்றார் கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

பிச்சையா பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "என்ன வே இது!" என்று பாய்ந்து நடுவே போய் நின்றார். "பெரியவர்கிட்ட விரலை நீட்டிப் பேசுதீரு! காரணவர்னா என்னன்னு தெரியுமா உமக்கு? கால்ல விழும்! ம், விழும் வே!"

தங்கப்பன் நாயர் பிச்சையா பிள்ளையைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். பிறகு, எர்ணாகுளத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, விழுந்தார்.

"நல்லது வரட்டே," என்று ஆசீர்வாதம் செய்தார் கிழவர்.

மாலையில் தங்கப்பன் நாயர் பிச்சையா பிள்ளையைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "சாரே, அம்மாவன் வேண்டாம். அம்மாவனை விடுங்க. நான் கையொப்பு போடறேன். வேணும்னா விலை கொஞ்சம் குறைக்கிறேன்."

"குறைப்பீரா?" பிச்சையா பிள்ளையின் புருவம் ஏறியது. "அம்மாவனைத் தள்ளிட்டு வெலையையும் குறைக்கீரா? இதைத்தான் வே காந்திமதிநாதன்கிட்டயும் சொல்லியிருப்பான்."

"ஆரு காந்திமதிநாதன்?"

"அது உமக்கு எதுக்கு?"

தங்கப்பன் நாயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ கேளுங்க. சாலையில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் இந்த வீட்டைக் கேக்குறாரு. அவரு அம்மாவனையும் கேக்கல, அப்பூப்பனையும் கேக்கல. சாவி மட்டும்தான் கேக்குறாரு. சிங்ஙம் ஒண்ணாம் தேதிவரை நான் காத்திருப்பேன். அதுக்குள்ளே சம்மதம் வாங்கலைன்னா வீடு அவருக்கு."

பிச்சையா பிள்ளை விரல் விட்டு எண்ணினார். சிங்ஙம் ஒன்று என்றால் ஆவணி ஒன்று. அதே வாரம் முகூர்த்தம். பஸ் நிறையச் சனம் வரும். வந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் நிற்கும் 'சிவகாமி விலாச'த்தில் பால் காய்ச்சவா? அப்புறம் திருநெல்வேலியில் வீடு போன காந்திமதிநாதன் கதையை மறந்துவிடுவார்கள். வீடே வராத பிச்சையா கதைக்கு அத்தான் தெருத்தெருவாகத் திரிந்து புது மெருகு ஏற்றுவார்.

கிழவரிடமே போய் நின்றார். "தாங்கள் மனசு வைக்கணும் ஆணு. இனி யாரைக் கேக்கணும் ஆணு?"

கிழவர் யோசித்தார். "தறவாடு பெண்ணுங்களோட சொத்தாக்கும். ஆற்றிங்கல்ல எனிக்கு ஒரு மூத்த சகோதரி. அவங்க சம்மதம் வேணும்."

"கூட்டிக்கிட்டு வாங்களேன்!"

"நடக்க வய்யா." கிழவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். "கேரியரில் கொஞ்சம் சொதி கொண்டு போனா, சொல்லிப் பார்க்கலாம்."

அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டு டிபன் கேரியரும் ஆலோசனையில் கலந்துகொண்டது. கிழவர் சாப்பிட்டு எழுந்ததும் அடுக்கு நான்கும் நிறைந்து அவர் பின்னால் போகும். சாயங்காலம் காலியாக, பளபளவென்று துலக்கித் திரும்பி வரும். சகோதரி என்ன சொன்னார்கள் என்று பிச்சையா பிள்ளை ஆவலோடு கேட்பார்.

"உப்பு கொஞ்சம் கூடுதல்னு பறஞ்சாங்க."

"சம்மதம்?"

"ஆலோசிக்கிறாங்க."

சிவகாமியம்மாள் ஒரு நாள் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, ரெண்டு மணிக்குப் போன கேரியர் மூணு மணிக்குத் திரும்பி வருது. ஆத்திங்கல் என்ன அடுத்த தெருவா?"

"பெரிய எடம். காரு வச்சிருப்பாங்க."

"காரு வச்சிருக்கிறவ பாத்திரத்தைத் தானே தொலக்குதாளாக்கும்!"

பிச்சையா பிள்ளை பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆடி முடிய மூன்றே நாள் இருந்தது. அவர் முகம் வற்றிப்போயிருந்தது. முப்பது வருஷம் மற்றவர்களை 'நாளைக்கு வா' என்று சொல்லியே பழகிய மனுஷனுக்கு, அதையே திரும்பக் கேட்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சிவகாமியம்மாள் அவரைப் பார்த்தாள். "நாளைக்கு அவருகிட்ட நீங்க ஒண்ணும் கேக்காதிய," என்றாள்.

மறுநாள் உச்சைக்குக் கிழவர் வந்தார். இலை போட்டாள். இலையில் ரேஷன் கோதுமை உப்புமா வந்து விழுந்தது. பக்கத்தில் வேகவைத்த மரச்சீனிக்கிழங்கு. உப்பு இல்லை, காரம் இல்லை, தாளிப்பு இல்லை.

கிழவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். தலை நிமிர்ந்து சிவகாமியம்மாளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"வீடு முடியிற வரைக்கும் தேங்கா ஒடைக்கிறதில்லன்னு நெல்லையப்பருக்கு வேண்டியிருக்கேன்," என்றாள். "நாளைக்கும் இதுதான். மறுநாளும் இதுதான். பால் காய்ச்சு அன்னைக்குத்தான் இனி சொதி. இஞ்சிப் பச்சடியும் அன்னைக்குத்தான்."

கிழவர் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"சகோதரி சம்மதிச்சு," என்றார்.

"எப்போ?" என்று துள்ளி எழுந்தார் பிச்சையா பிள்ளை.

"இப்போ."

அன்று சாயங்காலம் பிச்சையா பிள்ளை மாப்பிள்ளையின் கடையில் உட்கார்ந்து, எடை போட வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்தார். "வேற ராஜ்யத்துக்கு வந்தா அந்த மண்ணோட ஆசாரம் தெரியணும் மாப்ளை. பொறுமை வேணும். பெரியவங்க மனசைப் படிக்கிற வித்தை வேணும்."

"கோதும்பும் வேணும்," என்றார் சிவதாணு தராசைப் பார்த்தபடி.

ஆவணி பிறந்தது. பத்திரம் பதிவாயிற்று. கிழவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "காரணவருக்கு வாக்குதான். ஒப்பு மருமக்களுக்கு," என்றார். பிச்சையா பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. தங்கப்பன் நாயர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிற வேகத்தில் போட்டார், சாவியைக் கொடுத்தார், ஜட்கா வண்டியில் பெட்டியை ஏற்றினார்.

"நேரியதை மறந்துட்டீரே!" என்று கிழவரின் தோளைக் காட்டினார் பிச்சையா பிள்ளை.

"அது அம்மாவனே வச்சுக்கட்டும்," என்றார் தங்கப்பன் நாயர். வண்டி தம்பானூர் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முகூர்த்த நாள் வந்தது. வாசலில் வாழை கட்டி, நிலைக்கு மேலே 'சிவகாமி விலாசம்' தொங்கியது. பால் பொங்கியது. குடையும் கையுமாக யாரும் வந்து கேள்வி கேட்கவில்லை. வரவேண்டியவர் ஏற்கெனவே வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவே ஒரே நாற்காலியில் சிம்மாசனம்போல உட்கார்ந்திருந்தார். அவர் கண் அடுக்களை வாசலிலேயே இருந்தது. அங்கிருந்து தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தது.

"எலை போடலாமோ?" என்றார்.

"பொறுக்கணும் ஆணு. எங்க ஊர் ஆட்கள் வரட்டும் ஆணு," என்றார் பிச்சையா பிள்ளை. காரணவர் காலில் தான் விழுந்து எழுவதை மேலரதவீதி பார்க்காமல் போனால், விழுந்து என்ன பிரயோஜனம்?

வாசலில் பஸ் வந்து நின்றது. கோமதிநாயகம் பிள்ளை முதல் ஆளாக இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மச்சான்! வீடு அமோகமா இருக்குல்லா!" என்று கூவிக்கொண்டே உள்ளே வந்தார்.

அந்தக் குரல் கேட்டதும் கிழவர் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்தார். அடுத்த கணம் கூடத்துக்குள்ளேயே சடாரென்று குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிச்சையா பிள்ளை கையமர்த்தினார். "யாரும் பதறவேண்டாம். இவங்க காரணவர். பெரிய காரணவர்கள் அந்நியர் முன்னால அப்படித்தான் குடை பிடிப்பாங்க. இந்த ஊர் ஆசாரம்," என்று அந்த நிமிஷமே ஓர் ஆசாரத்தை உண்டாக்கினார். பிறகு பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"அத்தான், நீங்க சொன்னதை நான் மறக்கல. மருமகன் பேச்சை நம்பாம, காரணவரைத் தேடிப் பிடிச்சு, தவம் கெடந்து சம்மதம் வாங்கினேன். அந்தக் காந்திமதிநாதன் மாதிரி அவசரக்குடுக்கையா இருந்திருந்தா? ஊர் வழக்கம் தெரியாத மடையன்! ஏமாந்த சோணகிரி! பால் பானையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நின்னானே, அந்தக் கூத்து நமக்கு வந்திருக்குமா இல்லையா?"

குடை லேசாக ஆடியது.

"ஏட்டி சிவகாமி, இங்க வா. சேந்து விழுவோம்."

சிவகாமியம்மாள் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். "நீங்க விழுங்க. சொதி தெரைஞ்சு போகும்," என்றாள்.

பிச்சையா பிள்ளை அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, எட்டு அங்கமும் தரையில் பட நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆசீர்வாதம் வரவில்லை. தலையைத் தூக்காமல் காத்துக் கிடந்தார். கிழவர் வேறு வழியில்லாமல், ஒரு கையால் குடையைப் பிடித்தபடி மறுகையை நீட்டிக் குனிந்தார். குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கோமதிநாயகம் பிள்ளை கழுத்தை வளைத்துக் குடைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே கிடந்த பிச்சையா பிள்ளையிடம் நிதானமாகச் சொன்னார்:

"வாங்கினது சரி மச்சான், ஆனா நம்ம வீடு போன காந்திமதிநாதன் கால்ல எதுக்கு விழுந்து கெடக்கீரு?"